ஊர் ஸ்பூன்கள்: எழுதியது, துடைத்தது, பற்றவைத்தது, மாட்டியது

ஊர் ஸ்பூன் ஒன்று கையில் கிடைத்தால் உடனே தேய்க்க உட்காராதீர்கள். அதை யார் கொடுத்தார்கள், எப்போது, எதற்காக என்று தெரிந்தவர் வீட்டில் இருந்தால் முதலில் அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். பெரியம்மாவின் பெட்டியில் இருந்த ஸ்பூன்களைச் சுத்தம் செய்து, உடைந்ததைப் பற்றவைத்து, சுவரில் மாட்ட ஒரு தேக்குச் சட்டமும் செய்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். இத்தனை வேலையில் எது முக்கியம் என்று கேட்டால், எழுதி வைத்ததைத்தான் சொல்வேன். கறுத்த வெள்ளி இன்னும் இருபது வருஷம் கழித்துத் தேய்த்தாலும் வெளுக்கும். பெரியம்மாவுக்கு இப்போதே எண்பது தாண்டிவிட்டது.

வெளிநாடுகளில் ஒரு ஊரைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் ஞாபகத்துக்கு வாங்கிக்கொண்டு வருகிற சின்ன ஸ்பூன்களை எங்கள் வீட்டில் ஊர் ஸ்பூன் என்போம். 10 முதல் 15 செ.மீ. வரை நீளம். காம்பின் தலையில் ஊரின் சின்னமோ, ஒரு பாலமோ, ராணியின் முகமோ இருக்கும். சிலவற்றில் குழியிலும் படம் செதுக்கியிருக்கும். காபி கலக்க யாரும் எடுப்பதில்லை. அலமாரியில் வைப்பார்கள், இல்லையென்றால் இப்படிப் பரிசாகக் கொடுப்பார்கள்.

பெரியம்மா வேலூர் சி.எம்.சி.யில் நர்ஸாக வேலை பார்த்தவர். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் சேர்ந்தது. ஆறு மாதம், ஒரு வருஷம் என்று வேலை செய்துவிட்டுப் போகும் வெளிநாட்டு டாக்டர்களும் நர்ஸ்களும் அங்கே எப்போதும் இருந்தார்கள். பெரியம்மாவிடம் யாரோ முதன்முதலில் ஒரு ஸ்பூனைக் கொடுத்து, அவர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார். அந்தச் செய்தி பரவியதும், வருகிறவர்கள் எல்லாம் தங்கள் ஊர் ஸ்பூனாகப் பார்த்துக் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்கள். அவராகக் காசு கொடுத்து ஒன்றுகூட வாங்கியதில்லை. ஒவ்வொரு ஸ்பூனுக்கும் பின்னால் அவருக்கு முகம் தெரிந்த ஒரு மனிதர் இருக்கிறார்.

ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பயணம் போன வசதிக்காரர்கள் இப்படி ஸ்பூன் வாங்கிவந்தார்கள். அமெரிக்காவில் இதைத் தொடங்கிவைத்தது வாஷிங்டன் நகரத்து கால்ட் என்ற நகைக்கடை. ஜார்ஜ் வாஷிங்டன் ஜனாதிபதியாகி நூறு வருஷம் ஆனதற்காக 1889-இல் அவர் முகம் போட்ட ஸ்பூனை அச்சடித்து விற்றார்கள். அடுத்த ஓரிரு வருஷத்திலேயே சேலம் ஊரில் டேனியல் லோ என்ற நகைக்கடைக்காரர் சூனியக்காரி ஸ்பூன் கொண்டுவந்தார். நம்ம சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம். 1692-இல் சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டிப் பலரைத் தூக்கில் போட்ட ஊர். அந்தக் கதையைத்தான் அவர் வெள்ளியில் அடித்து விற்றார். ஓடி ஓடி வாங்கினார்கள். 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவில் ஸ்பூன் போடாத ஊரே இல்லை என்கிற அளவுக்குப் போனது. சூனியக்காரி ஸ்பூனை வாங்கியவர்கள் வெள்ளிக்காக மட்டும் காசு கொடுத்திருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் வேலைக்கு வருகிறேன். பெரிய வெள்ளைத் துண்டை விரித்து எல்லாவற்றையும் பரப்பினோம். ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலால் ஒரு காகிதச் சீட்டு கட்டி எண் போட்டேன். நூல்தான் நல்லது. முன்னால் யாரோ ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவைத்திருந்த ஸ்பூன்களில், பேண்டு இருந்த இடம் முழுக்க மை பூசியதுபோல் ஒரு கறுப்புக் கோடு. ரப்பரைக் கெட்டிப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள். வெள்ளிக்குக் கந்தகம் ஆகவே ஆகாது.

"இது எந்த நாடு பெரியம்மா?" என்று ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் அவருக்குச் சொல்ல வரவில்லை. "இது யார் குடுத்தது?" என்று கேள்வியை மாற்றிய பிறகு நிற்காமல் வந்தது.

"கண் கேம்ப்புக்கு எங்ககூட வருவாங்களே, உயரமா ஒரு டாக்டரம்மா, அவங்க. குடியாத்தம் பக்கம் ஒரு கேம்ப்ல மழை புடிச்சிக்கிச்சு. ஸ்கூல் திண்ணையில நைட்டு பூரா ஒக்காந்திருந்தோம். ஊருக்குப் போய் இத அனுப்புனாங்க."

சிட்னி துறைமுகப் பாலம் போட்ட ஸ்பூன் அது. அந்தப் பாலம் திறந்தது 1932-இல். டாக்டரம்மா சிட்னிக்காரர் என்பது பெரியம்மாவுக்கு ஞாபகம் இல்லை. அவருடைய ரெயின்கோட் என்ன நிறம் என்பது ஞாபகம் இருந்தது. நான் அதையும் எழுதிக்கொண்டேன். நாட்டையும் வருஷத்தையும் பல சமயம் ஸ்பூனே சொல்லிவிடும். திண்ணையில் மழைக்கு ஒதுங்கிய கதையைப் பெரியம்மாதான் சொல்ல வேண்டும். வயதானவர்களிடம் கேட்டு எழுதப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆளைப் பற்றிக் கேளுங்கள், பொருளைப் பற்றிய விவரம் பின்னாலேயே வரும். பேசும்போது போனில் பதிவுசெய்து, அன்றைக்கே நோட்டில் ஏற்றிவிடுங்கள்.

அடுத்தது எது வெள்ளி, எது பூச்சு என்று பிரிக்கிற வேலை. ஸ்பூனைத் திருப்பிப் பிடித்து, போன் டார்ச்சைச் சாய்வாக அடித்தால் காம்பின் முதுகில் குட்டிக் குட்டி முத்திரைகள் தெரியும். லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. இங்கிலாந்து ஸ்பூனில் நடக்கிற சிங்கம் இருந்தால் அது ஸ்டெர்லிங், ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் தரம் பார்த்தது, சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். இ.பி.என்.எஸ். என்று எழுத்து இருந்தால் வெறும் வெள்ளி முலாம்தான். உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம், நம்ம கடைகளில் ஜெர்மன் சில்வர் என்கிறார்களே அது. பேரில்தான் சில்வர், உள்ளே துளி வெள்ளி கிடையாது. காந்தம் வைத்துப் பார்ப்பதும் உதவாது. வெள்ளி, ஜெர்மன் சில்வர் இரண்டுமே ஒட்டாது. குழியின் அடிப்பக்கம், மேசையில் படுகிற இடத்தைப் பாருங்கள். அங்கே முலாம் தேய்ந்து லேசாக மஞ்சள் அடித்தால் பூச்சு வேலை என்று தெரிந்துகொள்ளலாம்.

90 என்ற முத்திரையைப் பார்த்துவிட்டு 90 சதவீத வெள்ளி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஐரோப்பிய முலாம் சாமான்களில் வரும் எண் அது. பன்னிரண்டு ஸ்பூனும் பன்னிரண்டு முள்கரண்டியும் கொண்ட ஒரு செட்டுக்கு 90 கிராம் வெள்ளி முலாம் ஏற்றினோம் என்று அர்த்தம். 800, 830, 925 என்று மூன்று இலக்கமாக இருந்தால்தான் அது வெள்ளியின் தரம்.

முத்திரை பார்க்கும்போது எனக்கு மிகவும் பிடித்துப்போனது ஒரு முடிசூட்டு ஸ்பூன். பெரியம்மாவுக்கு அதைக் கொடுத்தவர் குழந்தைகள் வார்டில் இருந்த ஓர் இங்கிலீஷ் சிஸ்டர். அவர் அம்மா பார்சலில் தேயிலைப் பாக்கெட்டுகளுக்கு நடுவில் வைத்து அனுப்பியதாம். அதன் குழி நடுவில் ஒரு மேடு ஓடி இரண்டாகப் பிரிந்திருக்கும். "ஏன் சிஸ்டர் ரெண்டு குழி?" என்று பெரியம்மா கேட்டிருக்கிறார். பேராயர் இரண்டு விரலை அதில் தோய்த்துத்தான் ராஜாவுக்கு அபிஷேகத் தைலம் பூசுவார், அதற்காகத்தான் என்று சொல்லிவிட்டு, ஊருக்குப் போகும்போது அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாராம். அசல் ஸ்பூன் லண்டன் டவரில் இருக்கிறது, பன்னிரண்டாம் நூற்றாண்டு வேலை. 1649-இல் ராஜாவின் தலையை வெட்டி மன்னராட்சியை ஒழித்தபோது கிரீடங்களை எல்லாம் உருக்கியும் விற்றும் தீர்த்தார்கள். இந்த ஸ்பூனை மட்டும் ஒருவர் விலைக்கு வாங்கிப் பத்திரமாக வைத்திருந்து, பிறகு இரண்டாம் சார்லஸ் ராஜா வந்ததும் திருப்பிக் கொடுத்தார். பெரியம்மாவிடம் இருப்பது அதன் சின்ன நகல். முதுகில் சிங்கம், நங்கூரம், அவற்றோடு வலது பக்கம் பார்க்கிற ஒரு இளம்பெண்ணின் தலை. எலிசபெத் ராணியின் முடிசூட்டலுக்காக 1952 முதல் 1954 வரை மட்டும் போட்ட முத்திரை அந்தத் தலை. பெரியம்மா வருஷம் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

கறுப்பு ஏன் இத்தனை என்று பார்த்தால், பெட்டி ரொம்ப காலம் ராணிப்பேட்டை வீட்டில் இருந்திருக்கிறது. வெள்ளி கறுப்பது காற்றில் உள்ள கந்தக வாயுவால். மேலே படிவது வெள்ளி சல்பைடு. தோல் ஷாப்புகளில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுவார்கள். அதிலிருந்து கிளம்பும் அழுகிய முட்டை வாடை ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர்க்காரர்கள் எல்லோருக்கும் பழக்கம். அந்த வாடையேதான் வெள்ளியைக் கறுக்க வைக்கிற வாயு. காட்பாடி வீட்டில் இருந்த நாலைந்து ஸ்பூன் பழுப்போடு நின்றுவிட, ராணிப்பேட்டைப் பெட்டியில் இருந்தவை கரிக்கட்டை நிறத்துக்கு வந்திருந்ததை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

சுத்தம் செய்ய இரண்டு வழிகளை வைத்துக்கொண்டேன். வேலைப்பாடு இல்லாத மொழுமொழு ஸ்பூனுக்கு அலுமினிய ஃபாயில். ஒரு தட்டில் ஃபாயிலை விரித்து, கொதித்து இறக்கிய தண்ணீர் ஒரு லிட்டர் ஊற்றி, ஆப்பச் சோடா இரண்டு மேசைக்கரண்டி போட்டு, ஸ்பூன் ஃபாயிலைத் தொட்டுக்கொண்டு கிடக்கும்படி வைக்க வேண்டும். தொடாவிட்டால் வேலை நடக்காது. ஒன்றிரண்டு நிமிஷத்தில் முட்டை வாடை கிளம்பும், கறுப்பு கண்முன்னால் மங்கும். வெள்ளியைப் பிடித்துக்கொண்டிருந்த கந்தகத்தை அலுமினியம் கழற்றிவிடுகிறது. தேய்க்கும்போது கறுப்போடு சேர்ந்து கொஞ்சம் வெள்ளியும் போகும், இதில் வெள்ளி அங்கேயே நிற்கும். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் அலசி ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள்.

ஆனால் பூவேலை, முகம், எழுத்து உள்ள ஸ்பூனுக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம். பள்ளங்களில் இருக்கும் கறுப்பு தானாக வந்தது மட்டும் இல்லை. செய்தவரே படம் எடுப்பாகத் தெரிவதற்காகக் கறுக்க வைத்து, மேடான இடங்களை மட்டும் தேய்த்து வெளுப்பாக்கியிருப்பார். தண்ணீரில் போட்டால் அதுவும் சேர்ந்து போய், முகம் வெறும் சப்பட்டையாகத் தெரியும். இனாமல் பூச்சு உள்ளதையும், வில்லை ஒட்டியதையும் சூடான தண்ணீரில் போடக் கூடாது. இனாமல் கீறல் விடும், பசை விட்டுவிடும்.

அவற்றுக்கு விபூதி. எதிர்வீட்டு அக்கா பூஜைச் சாமான் வெள்ளியெல்லாம் விபூதியால்தான் துடைப்பார், அவர் சொல்லித்தான் எடுத்தேன். பழைய மல்லு வேட்டித் துணியில் இரண்டு தடவை சலித்து, நறநற என்று எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, தண்ணீரில் தளர்வாகக் குழைத்து, விரல் நுனியில் தொட்டு, நீளவாக்கில் மட்டும் மெதுவாகத் தேய்க்க வேண்டும். மேடான இடம் பளிச்சென்று வந்ததும் நிறுத்திவிட வேண்டும். முலாம் ஸ்பூனில் இன்னும் சீக்கிரம் நிறுத்த வேண்டும். முலாம் மைக்ரான் கணக்கில்தான் இருக்கும், நாம் ஆசைப்பட்டுத் தேய்க்கத் தேய்க்க உள்ளேயிருந்து மஞ்சள் எட்டிப்பார்க்கும். பாத்திரப் பவுடர், கம்பி நார், பல் துலக்கும் பேஸ்ட் எதையும் கிட்டே கொண்டுவர வேண்டாம். புளியும் எலுமிச்சையும் பித்தளைக்கு நல்லது. முலாம் தேய்ந்த ஸ்பூனில் ஊறினால் அடியில் உள்ள உலோகத்தை அரிக்கும்.

வேல்ஸ் நாட்டு மர ஸ்பூன் ஒன்றும் பெட்டியில் இருந்தது. காம்பில் சங்கிலியும் இதயமும் செதுக்கியது. அந்த நாட்டில் பையன்கள் தாங்கள் விரும்பும் பெண்ணுக்குச் செதுக்கிக் கொடுப்பது. 1667 என்று வருஷம் பொறித்த ஒன்று கார்டிஃப் பக்கத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதற்குத் தண்ணீரே காட்டவில்லை. காய்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டியதோடு சரி.

பழுது பார்த்ததில் சின்ன வேலை கனடா ஸ்பூன். மேப்பிள் இலை போட்ட வில்லை காம்பிலிருந்து கழன்று தனியாகக் கிடந்தது. பழைய பசையை ஈர்க்குச்சியால் சுரண்டி எடுத்து, இரண்டு டியூப் கலந்து போடுகிற அரால்டைட்டில் கடுகளவு வைத்து, துணிக் கிளிப்பில் பஞ்சு சுற்றிக் கவ்வி ஒரு ராத்திரி விட்டேன். உடனே ஒட்டும் பசை போட்டால் சுற்றிலும் வெள்ளையாகப் படரும், அதனால் அதைத் தவிர்த்தேன்.

பெரிய வேலை டேனிஷ் ஸ்பூன். அதைக் கொடுத்தவர் திருக்கோவிலூர் டேனிஷ் மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து வேலூருக்கு வந்துபோய்க்கொண்டிருந்த ஒரு நர்ஸ். கழுத்தில் இரண்டாக உடைந்து, முன்பு யாரோ ஈயம் வைத்து ஒட்டி, அதுவும் விட்டிருந்தது. முதுகில் மூன்று கோபுரம், அடியில் 57 என்று எண். மூன்று கோபுரம் கோபன்ஹேகன் நகரத்துத் தர முத்திரை, எண் 1957-ஐக் குறிக்கும். வருஷத்தை இவ்வளவு பச்சையாகச் சொல்லும் முத்திரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

வேலூர் லாங் பஜாரிலிருந்து பிரியும் சந்தில் இருக்கிற, நகை வேலை செய்யும் ஒரு பத்தரிடம் எடுத்துப் போனேன். உடைந்த விளிம்பை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, ஆசிட் தொட்டுப் பார்த்துவிட்டு, நல்ல வெள்ளி என்றார். பிறகு உடனே நெருப்புக்குப் போகவில்லை. நுண்ணரம் எடுத்துப் பழைய ஈயத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். வெகுநேரம் அதையேதான் செய்தார்.

"இன்னாண்ணே, அதான் போயிடுச்சே?"

"கண்ணுக்குப் போச்சும்மா. கொஞ்சூண்டு ஈயம் நின்னாலும் நெருப்பு பட்டதும் வெள்ளியத் தின்னு ஓட்ட போட்ரும்."

இரண்டு முனையையும் வெள்ளை வெளேரென்று வந்தபின் சேர்த்துவைத்து, மெல்லிய இரும்புக் கம்பியால் கட்டினார். வெங்காரத்தைக் கல்லில் தண்ணீர் விட்டு உரைத்துக் கூழாக்கி மூட்டில் தடவி, கடுகைவிடச் சின்னதாக நறுக்கிய பொடியை, அதாவது பற்றவைக்கிற வெள்ளிக் கலவையை, இடுக்கியால் எடுத்துவைத்தார். ஊதுகுழலில் முதலில் சுற்றுப்புறத்தை எல்லாம் சூடாக்கி, வெங்காரம் பொங்கி அடங்கிக் கண்ணாடியாக ஆகிறவரை காத்திருந்து, அப்புறம்தான் மூட்டுக்கு நேரே தீயைத் திருப்பினார். பொடி நின்ற இடத்தில் நின்றபடியே சட்டென்று ஒரு வெள்ளிக் கோடாக மூட்டைச் சுற்றி ஓடி மறைந்தது. படிகாரத் தண்ணீரில் கொதிக்கவிட்டு எடுத்ததும் மங்கல் வெள்ளையாக வந்தது. மூன்று கோபுரத்தின் மேல் மட்டும் பாலிஷ் பிரஷ் படக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். கட்டைவிரலால் அதை மூடிக்கொண்டு மற்ற இடத்தைப் பாலிஷ் போட்டுக் கொடுத்தார்.

இதே வேலையை முலாம் ஸ்பூனுக்குச் செய்யக் கேட்காதீர்கள். வெள்ளிப் பொடி உருகுகிற சூட்டில் முலாம் கெட்டுவிடும், அதற்குக் குறைந்த சூட்டில் ஓடும் ஈயப் பற்றுதான். ஈயக் கலவையில் வார்த்த ஸ்பூன்களும் உண்டு, கைக்குக் கனமாக, சாம்பல் நிறமாக இருக்கும். அவற்றை நெருப்பிடம் காட்டினால் ஸ்பூனே உருகி ஓடிவிடும்.

இனி அந்த இரண்டு காற்றாலை ஸ்பூன்கள். இரண்டையும் வீட்டில் எல்லோரும் ஹாலந்து ஸ்பூன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒன்றின் தலையில் குட்டிக் காற்றாலை, அதற்கு நிஜமாகவே சுற்றுகிற நாலு இறக்கை. பச்சைக் களிம்பு பிடித்து ஆணியில் இறுகிப்போயிருந்தது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஊறவிட்டு, ஈர்க்குச்சி நுனியால் களிம்பைத் தள்ளித் தள்ளி எடுத்தேன். இறக்கையைப் பிடித்துத் திருகாமல், பொறுமையாக மறுபடி எண்ணெய் விட்டதில் தானாக இளகியது. இப்போது ஊதினால் சுற்றுகிறது. முதுகில் 90. நெதர்லாந்து நாட்டு முலாம் ஸ்பூன், அதில் குழப்பம் இல்லை.

இன்னொன்றின் குழியில் காற்றாலை செதுக்கி, அடியில் டி ஸ்வான் என்று பேர். காம்பில் ஹாலந்து என்று தெளிவாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் கறுப்பேறி அடைந்து கிடந்த இடத்தை விபூதி தொட்டு லேசாகத் துடைத்ததும், இன்னும் நாலு இங்கிலீஷ் எழுத்து மேலே வந்தது: மிச். மிச்சிகன்! இது அமெரிக்காவில் இருக்கிற ஹாலந்து. 1847-இல் டச்சுக் குடியேறிகள் மிச்சிகன் மாநிலத்தில் அமைத்த ஊர். டி ஸ்வான் காற்றாலை நெதர்லாந்தில் கட்டியது. அதைப் பிரித்துக் கப்பலில் ஏற்றி 1964-இல் அந்த ஊருக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதனால் இந்த ஸ்பூன் அதற்கு முன்பு செய்ததாக இருக்க முடியாது.

அது எப்படி வேலூருக்கு வந்தது என்று யோசித்தால், வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். நம்ம வடஆற்காட்டுக்கு வந்த ஆற்காடு மிஷன் 1853-இல் தொடங்கியது. நடத்தியது அமெரிக்க ரிஃபார்ம்டு சர்ச். டச்சுக் குடியேறிகள் அமெரிக்காவில் வளர்த்த திருச்சபை அது. ஹாலந்து ஊரில் இருக்கும் ஹோப் கல்லூரியும் அவர்களுடையதுதான். ராணிப்பேட்டையில் 1866-இல் ஆஸ்பத்திரி திறந்த சைலஸ் ஸ்கடரும், பிறகு வேலூருக்கு வந்த ஐடா ஸ்கடரும் அந்த மிஷன் குடும்பம். டாக்டர் ராதாகிருஷ்ணன் படித்த ஊரீசு கல்லூரியின் பேரும் ஒரு டச்சுக் குடும்பப் பேர்தான். ஊரீசு என்று நாம் வாய் நிறையச் சொல்லும் பேருக்குப் பின்னால் அந்த டச்சுக்காரர்களின் வழி இருக்கிறது.

பெரியம்மாவிடம் இதைச் சொன்னதும், "அதான் அவங்க எப்பவும் எங்க ஊர்ல டுலிப் பூ பாக்க வாங்க, டுலிப் பூ பாக்க வாங்கன்னு கூப்டுவாங்க. நான் ஐரோப்பாவுக்குத்தான் கூப்டறாங்கன்னு நெனச்சேன்" என்றார். ஹாலந்து ஊரில் 1929-இலிருந்து டுலிப் திருவிழா நடக்கிறது. கொடுத்தவர் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு அம்மா. அறுபதுகளின் கடைசியில் விடுமுறைக்குப் போய்வந்தபோது கொண்டுவந்தது. இது இத்தனையும் இப்போது நோட்டில் ஒரு முழுப் பக்கம்.

சட்டத்துக்குத் தேக்கு எடுத்தேன். 60 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 12 மி.மீ. கனத்தில் மூன்று பட்டை. மரக்கடையிலேயே இழைத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பட்டையிலும் முன் விளிம்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே, 4 செ.மீ.க்கு ஒன்றாக 5 மி.மீ. துளை போட்டு, பிறகு விளிம்பிலிருந்து துளை வரை ரம்பத்தால் அறுத்து வாய் திறந்தால், காம்பு முன்பக்கமாக உள்ளே போகும், தலை மேலே உட்கார்ந்துகொள்ளும். துளையை முதலில் போடுவது முக்கியம், ரம்பம் அங்கே போய் நின்றுவிடும், மரம் பிளக்காது. தலை சிறுத்த ஸ்பூன்களுக்கு 4 மி.மீ. போதும். துளைக்குள் உப்புத்தாளைச் சுருட்டிவிட்டு வழவழப்பாகத் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் மாட்டும்போதும் எடுக்கும்போதும் காம்பில் கீறும். பட்டைகளுக்கு நடுவே 18 செ.மீ. இடைவெளி விட்டுப் பின்பலகையில் திருகினேன். அரக்குப் பாலிஷ் போட்டு, வாசம் அடியோடு போன பிறகுதான் ஸ்பூன்களை மாட்டினேன். பாலிஷ், பசை, பிளைவுட் இவற்றிலிருந்து வரும் ஆவியும் உலோகத்துக்கு ஆகாது. கம்பளித் துணி உள்ளே ஒட்டுவது அழகாக இருக்கும். ஆனால் கம்பளியில் கந்தகம் உண்டு. வேண்டுமென்றால் துவைத்த பருத்தித் துணி போடுங்கள். மாட்டின சுவர் சமையலறைக்கு எதிர்ப்பக்கம், வெங்காயமும் முட்டையும் வேகிற புகை எட்டாத இடம். மாட்டாமல் பெட்டியில் வைத்தவற்றோடு சிலிகா ஜெல் பாக்கெட் போட்டிருக்கிறேன்.

நாடு வாரியாக அடுக்கலாம் என்று நான் சொன்னேன். பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கொடுத்தவர்கள் அவர் வாழ்க்கையில் வந்த வரிசையில்தான் மாட்ட வேண்டும் என்றார். அப்படியே மாட்டினோம். இரண்டு ஹாலந்தும் மட்டும் வரிசையை மீறிப் பக்கத்தில் பக்கத்தில், அதுவும் அவர் சொன்னதுதான்.

எல்லா ஊரும் இருக்கிறது, வேலூர் இல்லையே என்று பத்தரிடம் டேனிஷ் ஸ்பூனை வாங்கும்போது பேச்சு வந்தது. ஒற்றை ஸ்பூனுக்கு அச்சு வெட்டினால் கட்டாது, கையாலேயே செய்துவிடலாம், இருபது கிராம் வெள்ளி ஆகும் என்றார். கோட்டையைப் போட நினைத்தேன். தலை அகலம் 12 மி.மீ.தான் வரும். அதற்குள் மதிலும் அகழியும் ஜலகண்டேஸ்வரர் கோபுரமும் வராது, வந்தாலும் தெரியாது என்று காகிதத்தில் வரைந்தே காட்டிவிட்டார். பெரியம்மா சொன்ன யோசனைதான் நின்றது: இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய். புவிசார் குறியீடு வாங்கிய காய், ஸ்பூன் தலைக்கு ஏற்ற வடிவம், வேலூரைத் தவிர வேறு ஊரைச் சொல்லாது. காய் உருண்டையை மொழுமொழுவென்று விட்டுவிட்டு, காம்புத் தொப்பியில் மட்டும் ரவை என்கிற குட்டி வெள்ளி உருண்டைகளை வைத்து முள் எழுப்பலாம் என்று பத்தர் சொல்லியிருக்கிறார். மாதிரிக்கு மார்க்கெட்டிலிருந்து இரண்டு நல்ல காய் வாங்கிவரச் சொன்னார். முள் உதிராததாகப் பார்த்து வாங்க வேண்டும்.